சிலம்பரசன் ஒப்படைத்த நாற்காலி

என் மருமகள் சங்கீதா சனிக்கிழமைதோறும் வீட்டில் ஆட்டம் நடத்துகிறாள் என்ற பேச்சு என் காதுக்கு வந்த விதமே எனக்குப் பிடிக்கவில்லை. பால் வாங்க நின்ற இடத்தில் ஒருவர், "உங்க வூட்டுல கிளப்பு வெச்சிருக்கீங்களாமே" என்று கேட்டார். நான் பால் வாங்காமலே திரும்பினேன். முப்பத்து நான்கு வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்து, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் குடும்பத்தில் யாரும் சீட்டைத் தொட்டதில்லை. தாயக்கட்டைகூட வீட்டுக்குள் வந்ததில்லை.

சங்கீதா பள்ளியில் கணக்கு டீச்சர். இது சூதாட்டம் இல்லை மாமா என்று பலகைகளையும் மரக்காய்களையும் என் முன்னால் பரப்பி விளக்கினாள். பணம் வைப்பதில்லை, யோசனைதான் முதல் என்றாள். முதலில் அவளும் என் மகன் அன்புமணியும் இரண்டு டீச்சர்களும் எங்கள் குவார்ட்டர்ஸ் சாப்பாட்டு மேஜையில் ஆடினார்கள். தீபாவளிக்குள் இருபது பேர் ஆகிவிட்டார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லாமல் போனதும் பிளாக் நலச்சங்க ஹாலுக்கு மாற்றினார்கள். இப்போது பதினொரு மேஜைகள், அறுபது பேர். குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு.

நான் அங்கே போக ஆரம்பித்தது காவலுக்குத்தான். மருமகள் பெயரில் நடக்கிற இடத்தில் ஒரு ரூபாய் பந்தயம் வைக்கப்பட்டாலும் அது என் வீட்டுப் பெயர். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் பந்தயம் வைக்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் வேறு ஒரு குறை கண்ணில் பட்டது. இந்த ஊரில் எந்த நேரமும் யாராவது ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், யாராவது வந்துகொண்டிருப்பார்கள். மூன்று மணி நேர ஆட்டத்தில் இரண்டாவது மணியில் ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார், "டியூட்டிங்க" என்பார், எழுந்து போய்விடுவார். மிச்சமிருக்கும் ஐந்து பேரும் காய்களைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள். மூன்று வாரம் பார்த்தேன். நான்காவது வாரம் சங்கீதாவைக் கூப்பிட்டேன். சுரங்கத்தில் அடுத்த ஷிப்ட்டின் ரிலீவர் ஏறாமல் யாரும் இயந்திரத்தை விட்டு இறங்குவதில்லை என்று சொன்னேன். இறங்குகிறவர் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது, என்ன கோளாறு, என்ன வேலை பாக்கி என்று எழுதி வைப்பார். ஏறுகிறவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு எது நடந்தாலும் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு.

சங்கீதா அதையே கிளப்பின் விதியாக வைத்துவிட்டாள். ஷிப்ட்டுக்குப் போகிறவர் ஒரு துண்டுச் சீட்டில் தன் ஆட்ட நிலையை எழுதித் தருவார். ரிலீவர் கிளப் நோட்டில் கையெழுத்திட்டு அவர் நாற்காலியில் உட்காருவார். அதன் பிறகு ஒரு மேஜையும் பாதியில் கலையவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதை வியப்போடு பார்ப்பார்கள். யார் சொன்ன யோசனை என்று கேட்டால் சங்கீதா என் பக்கம் கையைக் காட்டுவாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சுரங்கத்தில் என் யூனிட்டில் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தேன். போகிற ஆட்கள், வருகிற ஆட்கள் இரண்டு கூட்டமும் நிற்கும்போது, எழுதியிருப்பதை நான் உரக்கப் படிப்பேன். என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று பிறகு ஒருவரும் சொல்லக்கூடாது. இயந்திர இரைச்சலில் கேட்க வேண்டும் என்பதால் குரலும் அப்படி. முப்பத்து நான்கு வருடத்தில் என்னிடம் ஒப்படைத்தது எதுவும் என்னால் கெட்டதில்லை. இதை எங்கள் பகுதியில் பலரும் அறிவார்கள். சிலம்பரசனும் அறிவார்.

சிலம்பரசனுக்கு இருபத்தொன்பது வயது. கன்வேயர் பகுதியில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவருடைய அப்பா தனகோட்டி ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். சுரங்கத்துக்கு நிலம் போனபோது அதற்கு ஈடாக எனக்கு பெர்மனென்ட் வேலை கிடைத்தது. நிலத்தில் உழைத்தவர்களிடம் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. சிலம்பரசன் எட்டு வருடமாகக் கான்ட்ராக்ட்டில் இருக்கிறார். கிளப்பில் என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பார், நேராகத் தன் மேஜைக்குப் போய்விடுவார். எங்களுக்குள் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அந்த மேஜையில் 'அணை' என்று ஓர் ஆட்டம். ஆறு பேர் ஆறு சனிக்கிழமை ஆட வேண்டும். எல்லோரும் சேர்ந்து அணைக்கட்டு ஒன்றைக் கல்கல்லாக உயர்த்துவார்கள். ஆனால் ஆறு பேரில் ஒருவர் மட்டும் யாருக்கும் தெரியாமல் மதகைத் திறந்து தண்ணீரைக் கசியவிடுகிறவர். முதல் நாள் எடுத்த அட்டையில் அது வந்திருக்கும். கடைசிவரை அகப்படாமல் இருந்தால் அவர் ஒருவருக்கே வெற்றி. எங்கள் கிளப்பில் ஆறு வாரமும் தாக்குப்பிடித்தவர் யாரும் இல்லை. மூன்றாவது வாரமே முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடுவார்கள். இந்த முறை ஆறாவது வாரம் வந்தும் ஆள் அகப்படவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைச் சந்தேகப்பட்டார்கள். சிலம்பரசனின் மனைவி வெண்மதியும் அதே மேஜைதான். அவள் எதிரே இருந்த போஸ்டாபீஸ்காரர்தான் அந்த ஆள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறரை மணிக்குச் சிலம்பரசனுக்கு போன் வந்தது. மதிய ஷிப்ட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையாம், உடனே வா என்று கான்ட்ராக்டரின் ஆள் சொன்னார். பெர்மனென்ட் ஆட்களுக்கு ஷிப்ட் அட்டவணை இருக்கும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு போன்தான். வழக்கமாக அவருக்கு ரிலீவராக உட்காரும் நிலவன் அன்று டியூட்டியில் இருந்தான். சிலம்பரசன் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, நீங்க உக்காருவீங்களா? இன்னும் மூணு சுத்துதாங்க. இதை வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல."

நான் அதுவரை ஒரு காயைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் ஒருவர் நம்பி ஒப்படைக்க வரும்போது மாட்டேன் என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் இல்லை. எழுந்தேன். அவர் சுவரோரமாகத் திரும்பி நின்று சீட்டை எழுதினார், நான்காக மடித்து என் கையில் வைத்தார். நான் நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அவர் ஓடினார்.

நாற்காலியின் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியை மாட்டினேன். மேஜையில் ஐந்து பேர் என்னையே பார்த்தார்கள். ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளும்போது என் உடம்பு எப்படி நிற்குமோ அப்படி நின்றது. சீட்டைப் பிரித்தேன். குரலும் தானாக வந்தது.

"கையில் கல் நான்கு. அணை ஒன்பது வரிசை. மதகைத் திறப்பவன் நான். கடைசிச் சுற்றில் திறந்தால் போதும். யாருக்கும் சந்தேகம் இல்லை, வெண்மதிக்கும் இல்லை."

கடைசிச் சொல்லைப் படித்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. பதினொரு மேஜைகளும் அடங்கிவிட்டன. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

வெண்மதிதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆறு வாரமா என் பக்கத்துல குந்திகினு சோறு துன்னுச்சு இந்த ஆளு. ஒரு வார்த்தை சொல்லலியே."

ஹால் முழுக்கச் சிரிப்பு. போஸ்டாபீஸ்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். சங்கீதா ஓடிவந்து என் கையிலிருந்த சீட்டை மெதுவாக வாங்கினாள். தெரியாமல் நடந்ததுதானே மாமா என்றாள். பெரியவர், விடுங்க என்று யாரோ சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். கெட்டது கெட்டுவிட்டது என்று மேஜையில் பத்தே நிமிடத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். மதகைத் திறப்பவர் தோற்றார்.

என்னை உறுத்தியது அந்தப் 'பெரியவர், விடுங்க'தான். குழந்தை பாலைக் கொட்டினால் சொல்வது மாதிரி இருந்தது. நான் கையெழுத்துப் போட்டு வாங்கியவன். நோட்டை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே, 'ரகசியத்தை உரக்கப் படித்தேன். தவறு என்னுடையது. ராஜேந்திரன்' என்று எழுதினேன். சிலம்பரசனுக்கு போன் செய்து விஷயத்தைச் சொல்கிறேன் என்று வெண்மதி எழுந்தாள். வேண்டாம், வாங்கியவன்தான் சொல்ல வேண்டும் என்று நிறுத்தினேன். அவள் சரிங்க என்றாள், ஆனால் சிரிப்பு அடங்கவில்லை.

மறுநாள் காலை சட்டை மாட்டுவதைப் பார்த்து என் மனைவி விருத்தாம்பாள் எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"தப்புன்னு சொல்லவா போறீங்க? நாப்பது வருசமா என்கிட்ட ஒரு தடவ சொல்லியிருப்பீங்களா? எனக்கும் ஒரு நோட்டு வாங்கியாங்க."

அன்புமணிக்குக் கோபம். ஆள் அனுப்பினால் சிலம்பரசனே வந்துவிட்டுப் போவான், நீங்கள் ஏன் அந்தத் தெருவுக்குப் போக வேண்டும், நம் வீட்டு மரியாதை என்ன ஆவது என்றான். மரியாதைக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

டவுன்ஷிப் ஆர்ச் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போகும் தெரு அது. முப்பது வருடமாக அந்த வழியாகப் போயிருக்கிறேன், உள்ளே திரும்பியதில்லை. தனகோட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். உட்காருங்க என்றேன். அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் உட்காரவில்லை. வெண்மதி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நானும் உட்காரவில்லை.

சிலம்பரசன் ஈரத் தலையோடு வந்தார். நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே, ராத்திரி கேன்டீனிலேயே காதுக்கு வந்துவிட்டது என்றார். இருந்தாலும் நான் முழுதும் சொன்னேன். என்னை நம்பி ஒப்படைத்ததை நான் கெடுத்தேன், தவறு என்னுடையது என்றேன்.

பரவாயில்லை என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை மடித்துக்கொண்டே நின்றார்.

"ஆறு வாரங்க ஐயா. வேலையில நான் எதைச் சரி பண்ணாலும் கான்ட்ராக்டர் பேருதான் எழுதுவாங்க. என் பேரு எங்கயும் வராது. இதுலயாவது போர்டுல சிலம்பரசன்னு எழுதுவாங்கன்னு இருந்துச்சு."

தனகோட்டி மகனை அதட்டினார். வூட்டுக்கு வந்தவங்ககிட்ட பேசுற பேச்சா இது என்றார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். அந்தக் கிளப்பில் ஜெயித்தவர் பெயரை ஹால் சுவரில் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். அதைத்தான் சிலம்பரசன் சொன்னார். பலகையில் ஏற வேண்டிய பெயரை நான் வாயால் அழித்திருக்கிறேன்.

"நான் என்ன செய்யணும்? சொல்லு" என்றேன். பிறகு, "சொல்லுங்க" என்றேன்.

"இப்ப நீங்க சொன்னது எங்க மூணு பேருக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு அத்தினி பேருக்கும் கேட்டுச்சுங்க."

அவர் கோபத்தைக் காட்டவில்லை. ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. வெண்மதி தந்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரம் முழுதும் வீட்டில் இதே பேச்சு. அன்புமணி மூன்று முறை வந்து, ஒரு விளையாட்டுக்காக அறுபது பேர் முன்னால் நிற்க வேண்டாம் என்றான். அதில் பாதிப் பேர் சுரங்கத்தில் என்னிடம் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், நாளைக்குத் தன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. நானும் இரண்டு நாள் யோசித்தேன். வயதைக் காட்டி ஒதுங்கிக்கொள்ளவும் எனக்கு வழி இருந்தது. ஆனால் நான் ஃபோர்மேனாக இருந்தபோது கோளாறைச் சின்னதாக எழுதிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனதை ஆனபடி எழுது என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரைத்தான் என் மகனுக்கு விட்டுப்போகப் போகிறேன். அதைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு, ஆட்டம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் வேண்டும் என்று சங்கீதாவிடம் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் கைதட்டி ஹாலை அடக்கினாள். அன்புமணி வரவில்லை. விருத்தாம்பாள் வந்திருந்தாள். அதுவரை அந்த ஹாலுக்குள் அவள் வந்ததில்லை.

கரும்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எழுதி எடுத்துப் போகவில்லை. போன வாரம் சிலம்பரசன் என்னிடம் நாற்காலியை ஒப்படைத்தார், கையெழுத்துப் போட்டு வாங்கினேன், அவர் எழுதிய ரகசியத்தை உரக்கப் படித்துவிட்டேன், ஆறு வாரம் யாரிடமும் அகப்படாதவரை அகப்படுத்தியது நான், ஜெயிக்க வேண்டியவர் அவர், இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் வெண்மதி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசி மேஜையில் சிலம்பரசன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ஃபேன் சத்தத்துல பின்னாடி கேக்கலீங்க" என்றார்.

அவர் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டிருக்காது. என் குரல் பாதியில் இறங்கிவிட்டதை நானே அறிவேன். சங்கீதா விசிறியை நிறுத்தப் போனாள். வேண்டாம் என்றேன். முதுகை நிமிர்த்தி, முதல் சொல்லிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த முறை நலச்சங்க ஹாலைத் தாண்டி, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"இப்ப கேட்டுச்சுங்க" என்று சொல்லிவிட்டுச் சிலம்பரசன் உட்கார்ந்தார். அந்த மேஜையில் புது ஆட்டத்துக்கு அட்டைகளைக் கலைக்க ஆரம்பித்தார்கள்.