இரண்டு பக்கமும் கடல்

பதினோராவது தடவை ஓடவிட்டபோதுதான் கணினித் திரையில் தண்ணீர் ஊருக்குப் பின்பக்கமாக வந்தது. சின்னவள் கையிலிருந்த குவளையை மேசையில் வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

அலுவலகம் கொடுத்திருந்த வேலை எளியதுதான். இருநூறு வருடத்துக்கு முன்பு துறைமுகத்தைக் கடல் கொண்டதைப் பற்றிச் சுங்கக் குமாஸ்தா ஒருவன் எழுதிய கடிதம் இருந்தது. ‘முன்னால் கடல் வந்தது. பின்னால் ஓடினோம். பின்னாலும் கடல் நின்றது. முகம் கழுவப் போனவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்தது.’ படித்தவர்களெல்லாம் சிரித்தார்கள். குமாஸ்தா குடிப்பான் என்று வேறொரு குறிப்பு சொன்னது. அதோடு அவன் சாட்சி செல்லாக்காசாகிவிட்டது. கடலடி ஆழங்களையும் பழைய கரையையும் கணினியில் ஏற்றி, அலையை ஓடவிட்டு, கடிதம் பொய் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

தொலைவில் நிலம் நடுங்கியதாக வைத்துப் பத்து தடவை ஓடவிட்டாள். முழங்கால் அளவுக்குமேல் தண்ணீர் ஏறவில்லை. மனத் திருப்திக்காகத்தான், துறைமுக வாய்க்கு அருகே கடலுக்கடியில் இருக்கும் சரிவு இடிந்து விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. அலை முன்னால் அடித்தது. அதன் ஒரு கை ஊருக்குப் பின்னால் ஓடும் கால்வாய் வழியே சுற்றிவந்து ஊரின் முதுகில் ஏறியது. சரிவு இடிந்ததிலிருந்து மொத்தம் ஒன்பதே நிமிடம். குமாஸ்தா ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை.

அவன் சொன்னது உண்மை என்றதும் வந்த மகிழ்ச்சி, போன வருடம் எடுத்த கடலடி அளவைப் படத்தைத் திறக்கும்வரைதான் இருந்தது. அன்று இடிந்தது பாதிச் சரிவு. மீதிப் பாதி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, தலைமாட்டில் நீளமான ஒரு விரிசலோடு. கரைக்கும் கால்வாய்க்கும் நடுவே இன்றைக்கு நிற்பது மகப்பேறு மருத்துவமனை. அதன் தரைத்தளத்தில்தான் அக்கா தலைமை நர்ஸ். சின்னவள் படத்தை அச்செடுத்துக்கொண்டு எழுந்தாள்.

துறைத் தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். இன்னும் பத்து வருடமாகலாம், நூறு வருடமாகலாம், நாளைக்கே ஆகலாம் என்று அவள் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒரு குடிகாரன் காகிதத்த நம்பி ஊரையே காலி பண்ணச் சொல்றியாம்மா? நாலு பேர் சரிபார்க்கட்டும். ஆறு மாசம் போகட்டும்.”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் ஆறு மாதம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் நேரே அக்காவின் மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினாள். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கடல் தட்டையாக, சாதுவாகக் கிடந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அக்கா கேலி செய்வாள் என்றுதான் நினைத்தாள். சின்ன வயதில், இடி இடித்தால் தங்கை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் அக்கா. இன்றைக்கு முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“ஒம்பது நிமிஷமா? எங்க லிப்ட் கீழ வரவே மூணு நிமிஷம் ஆகும்டி. அபாயச் சங்கு ஊதாதா?”

“நிலம் நடுங்கினாத்தான் ஊதும்க்கா. இது சத்தம் போடாம சரியும்.”

அக்கா எழுந்தாள். மின்விசிறி பழுது பார்க்க ஆள் வருகிறார்கள் என்று வார்டில் ஒரு பொய் சொன்னாள். மேலே இரண்டாம் மாடியில் சாமான் போட்டு வைத்திருந்த கூடத்தைக் கூட்டச் சொன்னாள். மேலிடத்தில் கேட்டால் பதில் சொல்லிக்கொள்ளலாமாம். ஏழு தாய்மார்கள், இரட்டையோடு சேர்த்து எட்டுக் குழந்தைகள். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். சின்னவள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனாள். முதல் நடைக்கே ஒன்பது நிமிடம் கடந்துவிட்டது. அதன்பிறகு அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எட்டாவது குழந்தையை எடுக்கும்போது கீழே ஒருத்தி மிச்சம் இருந்தாள். பிரசவத்துக்குக் காலையில்தான் வந்தவள், வலி முற்றிவிட்டது, இனி அசைக்க முடியாது.

“நீ போ,” என்றாள் அக்கா, கையுறையை மாட்டிக்கொண்டே. “நான் இருக்கேன்.”

“அக்கா…”

“இவள விட்டுட்டு எங்கடி வர்றது? ஏறு.”

சின்னவள் பாதிப் படிவரை ஏறினாள். அங்கிருந்து மேலே போகவும் கால் வரவில்லை, கீழே இறங்கவும் வரவில்லை. கையிலிருந்த குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கியது. மேலே கட்டில்களை இழுக்கும் சத்தம். கீழே, திறந்த கதவு வழியாக, அக்காவின் குரல் அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது: “மூச்ச விடும்மா… அவ்வளவுதான்… இன்னும் ஒரு தடவ.”