நாலு சக்கரமும் சுட்டது

அந்தக் குடும்பத்தில் அவருக்கு இன்ஜினீயர் என்று பெயர். படித்தது வணிகவியல், பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கு வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் மிக்சியைப் பிரித்து மறுபடி மாட்டினார், அது எப்படியோ ஓடியும் விட்டது. மேசைமேல் இரண்டு திருகுகள் மிஞ்சிக் கிடந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா அன்றைக்குக் கொடுத்த பட்டம் அது. இன்று வரை அக்கா அப்படித்தான் கூப்பிடுகிறாள், இவரும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்க்கிறார்.

பழைய பெட்ரோல் கார் இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குச் சொர்க்கம். பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு எண்ணெய் பார்ப்பார், ஊற்றுவார். தண்ணீர் பார்ப்பார், ஊற்றுவார். எதுவும் குறைந்து நிற்பது அவருக்கு ஆகாது, கழுத்து வரை நிறைந்திருந்தால்தான் நிம்மதி. மின்சாரக் கார் வந்த பிறகு பானெட்டுக்குக் கீழே அவரை யாரும் கேட்பாரில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. வாராவாரம் திறப்பார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார், ஒரு துணியால் எதையோ துடைத்துவிட்டு மூடுவார். சமையலறை ஜன்னல் வழியே பார்க்கும் மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். பாவம் என்று அடக்கிக்கொள்வாள். அந்த இரக்கத்தை அவள் வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாம்.

அவள் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களை அவரவர் வீட்டுக்கே போய் மடக்கி, நீட்டி, நடக்க வைப்பது அவள் தொழில். நகரத்தின் நாலு மூலைக்கும் போக வேண்டியிருப்பதால் கார் இல்லாவிட்டால் அவள் வேலையே இல்லை. அந்தக் காருக்குத்தான் கோளாறு வந்தது. சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்பாள், பச்சை விழுந்ததும் காலை எடுப்பாள், வண்டி உடனே நகராது. யாரோ பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பதுபோல் முக்கிவிட்டு, பிறகு மெல்ல விடும். சார்ஜ் வேறு அநியாயத்துக்கு இறங்கியது.

"நீ பிரேக் மேலேயே காலை வெச்சுட்டு ஓட்டுற. வேற ஒண்ணும் இல்ல" என்றார் இன்ஜினீயர், காரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

"இல்லீங்க, எடுத்துடறேன்."

"எடுத்துட்டதா நினைக்கிற."

இந்த ஒரு வாக்கியம் வீடு முழுக்கப் பரவிவிட்டது. நாத்தனார் மாடிப்படியில் நின்று, "ஏம்மா, பொம்பளைங்களுக்கு அந்த பயம் இருக்கத்தான் செய்யும்" என்றாள். நாத்தனாருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, அது வேறு விஷயம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பின் இருக்கையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, வண்டி தயங்கும்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமலே சொல்வாள்: "அம்மா, காலை எடும்மா."

அதுதான் அவளைச் சுட்டது. கொஞ்ச நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறர் கால்களை நம்பி நடக்கச் சொல்கிறவள், தன் காலை நம்பாமல் ஒவ்வொரு சிக்னலிலும் குனிந்து பார்த்துக்கொண்டாள். கால் பிரேக்கை விட்டு விலகித்தான் இருந்தது. இருந்தும் அவமானமாக இருந்தது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள். அங்கே டை கட்டிய ஆலோசகர் மடிக்கணினியைச் செருகி, திரையைப் பார்த்துப் புன்னகைத்தார். எந்தக் கோளாறும் பதிவாகவில்லையாம். "ஆக்சிலேட்டரை விட்டா மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும் மேடம். புதுசா ஓட்டறவங்களுக்கு அது பிரேக் மாதிரி தெரியும்" என்றார். அவள் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறாள். அதைச் சொன்னபோதும் அதே புன்னகை. காரின் சக்கரத்தை மட்டும் கடைசி வரை அவர் பார்க்கவே இல்லை. அலங்காரத்துக்குக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள்.

மறுவாரம் ஒரு மேம்பாலச் சரிவில் பிரேக் பிடித்தது விடவே இல்லை. பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றது. லாரிக்காரர் இறங்கிவந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். மகள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை இன்ஜினீயர் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இனிமே நீ ஓட்ட வேண்டாம். காலையில நான் ஆபீஸ் போற வழியில ஒரு கேஸ் வீட்டுல விடறேன். அது போதும்."

"மத்தவங்களை யாரு பாக்கறது?"

"கிளினிக்ல உட்கார்ந்து செய்யிற வேலையா ஒண்ணு தேடிக்கோ. உசுரு முக்கியமா, வேலை முக்கியமா?"

நாத்தனார் மண்டையை ஆட்டினாள். சட்டைப்பைக்குள் போனது சாவி மட்டுமல்ல, தன் தொழிலும்தான் என்பது மனைவிக்குப் புரிந்தது. அழுகை வரவில்லை. கெட்ட கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

மறுநாள் விடிகாலையில், சட்டைப்பையின் சொந்தக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கையில், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆளில்லாத சமதளச் சாலையில் நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டு, ஓடுகிற காரை நியூட்ரலில் போட்டாள். நியூட்ரலில் மோட்டாரின் இழுப்பு கிடையாது. கார் உருண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை, கல்லைக் கட்டியதுபோல் நின்றுவிட்டது. ஆக, சர்வீஸ் சென்டர் டைக்காரர் சொன்னது கதை. இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையை நீட்டினாள். நாலும் அனலாகச் சுட்டன.

அங்கேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒரு முழங்கால் வீங்கியிருந்தால் முழங்காலைப் பார்க்கலாம். எல்லா மூட்டும் சேர்ந்து வீங்கினால் மூட்டைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். நாலு சக்கரத்துக்கும் பொதுவாக ஓடும் பிரேக் திரவம்தான் காருக்கு ரத்தம்.

சக்கரம் ஆறும் வரை போனில் பிரேக்கைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, பிரேக் வேலை மட்டுமே செய்யும் ஒரு பட்டறைக்குப் போனாள். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த கடைக்காரர் சிடுமூஞ்சி. "நாலு சக்கரத்துலயும் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை மாத்திடலாம்" என்று எடுத்த எடுப்பில் ஆரம்பித்தார்.

"மாத்த வேணாம். ஒரு சக்கரத்தைத் தூக்குங்க. பிரேக்கை மிதிச்சு விடறேன். சுத்தலைன்னா, பிரேக் குழாயில காத்து எடுக்கிற திருகைக் கொஞ்சம் லூஸ் பண்ணிப் பாருங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தூக்கினார். மிதித்து விட்டபின் சக்கரம் அசையவில்லை. திருகைத் திறந்ததும் திரவம் பீறிட்டது, சக்கரம் சுலபமாகச் சுழன்றது. உள்ளே அழுத்தம் அடைபட்டுக் கிடக்கிறது, திரும்பிப் போக வழியில்லை. கடைக்காரர் பானெட்டைத் திறந்து பிரேக் திரவத் தொட்டியின் மூடியைக் கழற்றினார். அதன் அடியில் இருந்த ரப்பர் ஊறி உப்பி, அப்பளம்போல் நெளிந்து கிடந்தது. திரும்ப மூடிக்குள் பொருத்தினால் பொருந்தவே இல்லை. திரவம் கழுத்து வரை நிறைந்திருந்தது.

"இதுல எவன் எண்ணெய் ஊத்துனது?" என்று உறுமினார் கடைக்காரர். "உள்ள இருக்கிற ரப்பர் பூரா இப்படித்தான் வீங்கியிருக்கும். வீங்கி வழியை அடைச்சுக்கிச்சு. அப்புறம் எப்படி விடும்? மூடி மேலயே எழுதியிருக்கு, வேற எதையும் ஊத்தாதேன்னு. படிக்கத் தெரியாதா?"

"கணக்குதான் தெரியும்" என்றாள் அவள்.

காரை அங்கேயே விட்டுவிட்டு, அந்தத் திரவத்தில் கொஞ்சம் ஒரு சின்னப் பாட்டிலில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பினாள். கூடத்தில் இன்ஜினீயர் சட்டைப்பையைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். நாத்தனார் ஆறுதல் சொல்ல இறங்கி வந்திருந்தாள். மகளும் எழுந்து வந்திருந்தாள். மனைவி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து மேசையில் வைத்தாள். பாட்டிலை அதில் கவிழ்த்தாள்.

"பிரேக் திரவம் தண்ணியோட கலந்துடும். எண்ணெய் கலக்காது. பாத்துக்கோங்க."

எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பகுதி தண்ணீரோடு கரைந்தது. மிச்சம் மேலே வந்து சிவப்பாக மிதந்தது. பழைய காரின் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் எண்ணெய் அதே சிவப்பு. விற்றுப்போன காரின் மிச்சமாக அந்த டப்பா இன்னும் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. காலி டப்பா. எதையும் வீணாக்குகிற குடும்பம் இல்லை அது.

இன்ஜினீயர் முகத்தில் ஈயாடவில்லை. டம்ளரைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"பாதிதானே இருந்துச்சு... குறைஞ்சா நல்லதில்லன்னு..."

"பாதி இருந்தா அதுக்குப் பாதியே போதும்னு அர்த்தம்" என்றாள் அவள். "எத்தனை மாசம் என் காலையே நான் சந்தேகப்பட்டேன், தெரியுமா? ஒரு வார்த்தை, 'நான் ஊத்தினேன்'னு சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

தோன்றவே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் மறைக்கவில்லை. தன் கை தப்பு செய்யக்கூடும் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு வந்ததில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாளோ என்னவோ. நாத்தனாருக்கு திடீரென்று மாடியில் அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது.

ரப்பர் சம்பந்தப்பட்ட அத்தனையும் மாற்றி, குழாய்களைக் கழுவி, கார் திரும்பிவந்தது. சாவி அவள் கைப்பையில் இருந்தது, யாரும் கேட்கவில்லை. முதல் நாள் இன்ஜினீயர் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், அவரை அலுவலகத்தில் இறக்கிவிட வேண்டும். மகள் வழக்கம்போல் பின்னால்.

சிக்னலில் நின்றாள். பச்சை விழுந்தது. காலை எடுத்ததும் கார் சத்தமில்லாமல் நழுவிக் கிளம்பியது. குனிந்து பார்க்கும் எண்ணம்கூட அவளுக்கு வரவில்லை. எதிரே மேம்பாலச் சரிவு வந்ததும் இன்ஜினீயர் ஜன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வெறும் தரைவிரிப்பின்மேல் ஓங்கி மிதித்தார்.

மகள் காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள்.

"அப்பா, காலை எடுப்பா."