பட்டியலில் நான்காவது பெயர்

1809 நவம்பர் 3, வெள்ளிக்கிழமை, பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து வெஸ்ஸான் தீவுக்கு வந்த தபால் படகில் கடற்படை அலுவலகத்தின் பட்டியல் ஒன்று இருந்தது. நாற்பது பீரங்கிகள் கொண்ட 'தெனாஸ்' போர்க்கப்பல் அக்டோபர் 14 அன்று சென் தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது என்றும், கப்பலில் இருந்த முந்நூற்றுப் பதினெட்டுப் பேரில் நாற்பத்தொரு பேர் கரை சேர்ந்தார்கள் என்றும், வெஸ்ஸானைச் சேர்ந்த நான்கு மாலுமிகள் அவர்களில் இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. நான்காவது பெயர் தொமாஸ் பெர்த்தேலே, வயது இருபத்து நான்கு.

அந்த நேரத்தில் தொமாஸ் பெர்த்தேலே தன் வீட்டுக்குப் பின்னால், ஆட்டின் காலில் சுற்றிக்கொண்ட கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

கப்பலில் போனவன் கோலாஸ். தொமாஸின் பெரியம்மா பார்பாவின் மகன். பார்பாவின் கணவனையும் மூத்த மகனையும் கடற்படை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்ததால், மிச்சமிருந்த இவனுக்குச் சேவையிலிருந்து விலக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதம் பார்பாவின் அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. சென்ற ஆண்டு வசந்த காலத்தில் தொமாஸுக்கு அழைப்பு வந்தபோது அவன் மனைவி லீஸ் ஏழு மாதக் கர்ப்பிணி. தொமாஸின் அம்மா கதெல் தன் அக்காவிடம் எதுவும் கேட்கவில்லை. கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு அழுதாள், அவ்வளவுதான். மறுநாள் கோலாஸ் அழைப்புக் காகிதத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். "பேரு மட்டுந்தானே அம்மா. ஒரு பயணம் போட்டுக்கிட்டுப் போறேன். திரும்பி வந்து கழட்டிக் குடுத்துடறேன்" என்றான். பார்பா அவனைத் தடுத்திருக்கலாம். அவளுக்குத் தங்கையின் முகம்தான் கண்ணில் நின்றது. சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தீவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் அது. தீவை விட்டு வெளியே யாருக்கும் தெரியாது.

கடலில் இறந்து உடல் கிடைக்காதவனுக்கு வெஸ்ஸானில் மெழுகால் விரலளவு சிலுவை செய்து, அதையே பிணமாக வைத்துக் காத்து, மறுநாள் கோயிலுக்கு எடுத்துப் போய் அங்குள்ள மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். ப்ரோயெல்லா என்று அதற்குப் பெயர். செத்தவனின் ஞானத்தகப்பன் அந்தி நேரத்தில் வந்து, கம்பால் ஜன்னலை மூன்று தட்டுத் தட்டிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் யாரும் அழக் கூடாது. இதைச் செய்யாமல் விட்டால் செத்தவன் கரை தெரியாமல் தண்ணீரிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பான். பூசையில் சொல்லும் பெயர் ஞானஸ்நானத்தில் வைத்த பெயராக இருந்தால்தான் அது தன்னைத்தான் என்று அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அந்தியில் ஃபான்ஷ் கிழவர் தட்டியது பார்பாவின் ஜன்னலை.

அவள் அடுப்பில் எரிக்கக் காய்ந்த புல்மண் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தட்டு விழும்வரை அவள் திரும்பவில்லை.

"பார்பா, இன்னிக்கு உன் வீட்டுல ப்ரோயெல்லா."

அவள் கதவைத் திறந்தாள். ஃபான்ஷுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று கப்பல்களில் பாய்மரம் ஏறியவர். கோலாஸை ஞானஸ்நானத் தொட்டியில் கையில் பிடித்தவர் அவர்தான். தொமாஸின் ஞானத்தகப்பன் செத்துப் பல வருஷம் ஆகியிருந்ததால் அந்தப் பொறுப்பும் அவரிடமே வந்திருந்தது.

"வீடு மாறி வந்துட்டீங்க மாமா" என்றாள் பார்பா.

கிழவர் வாசலைப் பார்த்தார், பிறகு தன் கம்பைப் பார்த்தார். "காலு பாட்டுக்கு வந்துடுச்சும்மா. என் புள்ளை வீடு இதுதானே."

"சத்தமா பேசாதீங்க. பிரெஸ்டுலேருந்து ஒரு குமாஸ்தா வந்திருக்கான். ஆள்மாறாட்டம் எங்கெங்க நடந்திருக்குன்னு ஊர் ஊரா விசாரிக்கறானாம். சாமியார் வீட்டுலதான் தங்கியிருக்கான்."

"தெரியும். நாளைக்குக் கோயில்ல முன்வரிசைல உக்காருவான். சாமியார் என்னைத்தானே கேப்பாரு, யாரைக் கொண்டாந்திருக்கீங்கன்னு? பார்பா, நான் இங்கிலீஷ்காரன்கிட்டப் பொய் சொல்லியிருக்கேன், கேப்டன்கிட்டச் சொல்லியிருக்கேன், என் பொண்டாட்டிகிட்டச் சொன்னதுக்குக் கணக்கே இல்ல. அந்தத் தொட்டிப் பக்கத்துல நின்னுக்கிட்டு எப்பிடிச் சொல்லுவேன்?"

"கதெல் வீட்டுக்குப் போங்க. இருட்டறதுக்குள்ள தட்டணும்."

அவர் போன பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலருகே நின்றாள். தெற்கே, கடல் இன்னும் வெளிச்சமாக இருந்த இடத்தில், பிரெஸ்டை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர்களின் ஐந்து கப்பல்கள் எப்போதும்போலக் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. கிழக்குக் காற்று அடித்தால்தான் பிரெஸ்டிலிருந்து பிரெஞ்சுக் கப்பல் வெளியேற முடியும். அதே காற்றுதான் ஆங்கிலேயர்களையும் தூரத் தள்ளும். அக்டோபர் 14 அன்று கிழக்குக் காற்று அடித்தது பார்பாவுக்கு நினைவிருக்கிறது. நல்ல காற்று, துணி சீக்கிரம் காயும் என்று அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

சால்வையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தாள். இரண்டு வயல் தள்ளி. வழியில் அவள் அழவில்லை. அவள் ஜன்னலில் தட்டியது கணக்கில் வராது.

கதெலின் வீட்டில் மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்தாகிவிட்டது. இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். லீஸ் கறுப்பு முக்காட்டோடு மூலையில் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அவள் புருஷன் தொமாஸ் எதிர்ச் சுவரோரம், செத்தவனின் ஒன்றுவிட்ட தம்பிபோல, தொப்பியைக் கையில் பிடித்து நின்றான். சிலுவையைச் செத்தவனின் தாய்தான் உருட்ட வேண்டும். பார்பா உள்ளே வந்தபோது மெழுகு உருட்டப்படாமல் கிண்ணத்திலேயே இருந்தது.

கதெல் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"அக்கா, என்னால முடியல. உசுரோட நிக்கற புள்ளை பேர்ல எப்பிடிக்கா சிலுவை உருட்டுவேன்? புதைச்சா புதைச்சதுதான். நாளைக்கு இவனுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

ஆகட்டுமே என்று பார்பாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவள் பிறகு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். ஏன் தோன்றியது என்பதைச் சொல்லவில்லை.

"என்னை மன்னிச்சுடுக்கா" என்றாள் கதெல். "நான் அன்னிக்குக் கிணத்தடில அழுதிருக்கக் கூடாது."

"மெழுகு ஆறிடப் போவுது. எங்கே கிண்ணம்?"

அவளே உருட்டினாள். மேஜைக்கு முன்னால், எல்லாரும் பார்க்க. ஒரு கட்டையை நீளமாக, ஒன்றைக் குட்டையாக. குறுக்குக் கட்டை ஒட்டவில்லை. வாயருகே கொண்டுபோய் ஊதி இளக்கி அழுத்தினாள். மெழுகில் அவள் கட்டைவிரல் ரேகை பதிந்தது. கணவனுக்கும் மூத்தவனுக்கும் உருட்டியபோது அதைத் தேய்த்து அழித்திருந்தாள். இதை அழிக்கவில்லை.

இரவு முழுக்க ஜெபமாலை நடந்தது. விடிந்ததும் கண்விழித்திருந்தவர்களுக்குச் சூப் ஊற்றினார்கள். அப்போதுதான் குமாஸ்தா வந்தான். லெவாஸ்ஸர் என்று பெயர். முப்பது வயதிருக்கும், கடல் பயணத்தில் முகம் வெளிறியிருந்தது. ஒரு காகிதக் கட்டு. தீவின் மொழி அவனுக்குத் தெரியாது. கூட வந்த பங்குச் சாமியார்தான் மொழிபெயர்த்தார். சாமியார் தீவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒருவரையும் அவருக்குச் சரியாகத் தெரியாது.

தொமாஸ் ராத்திரி முழுக்க நின்றவன். கிண்ணத்தை நீட்டி இன்னொரு தடவை சூப் கேட்டான். சுவரோரம் இருந்த மர்கோ, வாயை அதிகம் அசைக்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பாத்தியாடி, பொணம் ரெண்டாவது தடவை சூப் கேக்குது."

பெண்கள் தலையைக் குனிந்தார்கள். தோள்கள் குலுங்கின. சாமியார் காதில் அது விழவில்லை. குமாஸ்தா அழுகை என்று நினைத்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான். பார்பாவுக்கும் சிரிப்பு வந்தது. சால்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கோலாஸ் இருந்திருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான், வாயை மூடத் தெரியாத பயல். சிரிப்பு நின்றது. தோள்கள் மட்டும் நிற்கவில்லை.

குமாஸ்தா அவளைக் கவனித்தான். சாமியாரிடம் ஏதோ கேட்டான்.

"நீங்க செத்துப்போனவருக்கு என்ன உறவுன்னு ஐயா கேக்கறாரு" என்றார் சாமியார்.

லீஸின் குழந்தை மட்டும் ஏதோ சத்தம் போட்டது.

"பெரியம்மா" என்றாள் பார்பா.

அவன் எழுதிக்கொண்டான். எதிர்ச் சுவரோரம் நின்ற தொமாஸைக் காட்டி அடுத்த கேள்வி கேட்டான்.

"அது என் மகன். கோலாஸ். விலக்குக் காகிதம் வீட்டுல இருக்கு. பாக்கணும்னா கொண்டாறேன்."

வேண்டாம் என்று கையசைத்தான் லெவாஸ்ஸர். கெட்டவன் அல்ல. பட்டியலை மடித்துக்கொண்டே மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். சாமியார் தயங்கிவிட்டு அதையும் மொழிபெயர்த்தார்: "ஒருத்தனாவது உங்களுக்கு மிஞ்சினானே, நீங்க குடுத்துவெச்சவங்கன்னு சொல்றாரு."

"ஆமா" என்றாள் பார்பா. "ஐயாவுக்கு ஒரு கிண்ணம் சூப் குடுங்க. வெறும் வயித்தோட வந்திருப்பாரு."

கோயிலுக்குப் போகும் வழியில் ஃபான்ஷ் சிலுவையை வெள்ளைத் துணியில் வைத்து இரண்டு கைகளிலும் ஏந்தி முன்னால் நடந்தார். அடுத்து கதெல், லீஸ். அதற்கடுத்த வரிசையில்தான் பெரியம்மாவுக்கு இடம். பக்கத்தில் தொமாஸ் நடந்தான், தன் சொந்தச் சவ ஊர்வலத்தில். காற்று பலமாக இருந்தது. எல்லாரும் தலைத்துணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஃபான்ஷ் துணியின் ஓரத்தைச் சிலுவைமேல் மடித்து மூடினார், குழந்தைக்கு மூடுவதுபோல.

பார்பா அந்தத் துணியையே பார்த்தபடி நடந்தாள். ஒரு சொல்தான். சாமியார் கேட்கும்போது கிழவர் உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் மகனுக்குக் கரை தெரியும். அப்பாவும் அண்ணனும் இருக்கிற அதே பெட்டிக்குள் போய்ச் சேர்வான். தொமாஸுக்கு மதியப் படகில் கைவிலங்கு. கிழவர் தானாகச் சொல்லட்டும். சொன்னால் அது அவர் பாவம், அவளுடையது அல்ல. தான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஒரு தடவை வாயைத் திறக்காமல் இருந்ததற்குத்தான் இந்தத் துணி. இப்போது அதே வாய் மூடியிருந்தால் மகனுக்கு நல்லதாக முடியலாம்.

கோயிலில் சாமியார் பீடத்திலிருந்து இறங்கி வந்தார். குமாஸ்தா முன்வரிசையில், காகிதக் கட்டு முழங்காலில்.

"யாரைக் கொண்டுவந்திருக்கிறீர்கள்?"

ஃபான்ஷ் வாயைத் திறந்தார். ஞானஸ்நானத் தொட்டி அவருக்கு இடப்பக்கம் நாலடி தூரத்தில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். சாமியார், காது கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாகக் கேட்டார்.

"இவன்..." என்றார் ஃபான்ஷ். "இவன் வந்து, சாமி..." கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. லெவாஸ்ஸர் தலையை நிமிர்த்தினான்.

தொமாஸ் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் பார்பாவுக்குப் புரிந்தது. அவன் சொல்லப்போகிறான். கோலாஸின் அதே நெற்றி, தங்கை மகனுக்கும் அப்படியே வந்திருந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொமாஸ்" என்றாள். கோயில் முழுக்கக் கேட்கும்படி. "தொமாஸைக் கொண்டாந்திருக்கோம், சாமி. கதெல் மகன் தொமாஸ்."

சாமியார் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபத்தைத் தொடங்கினார். குமாஸ்தா தன் பட்டியலில் ஒரு கோடு போட்டான். பூசை முடிந்து சிலுவையைப் பக்கப் பீடத்து மரப்பெட்டிக்குள் வைத்தார்கள்.

1812இல், பதிவேட்டின்படி, விதவை லீஸுக்கும் கோலாஸுக்கும் அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. செத்தவனின் உறவினனை மணக்க ஆயரிடமிருந்து உறவுமுறை அனுமதி வாங்க ஏழு மாதம் ஆனது. அவர்களுக்கு இன்னும் இரண்டு குழந்தைகள் பிறந்தார்கள். 1814இல் சண்டை நின்றது. படைக்குப் போகாமல் ஒளிந்திருந்தவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்றார்கள். தொமாஸ் ஒரு மாலை பார்பாவின் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"பேரைத் திருப்பிக் குடுத்துடட்டுமா, பெரியம்மா?"

"அப்பறம் உன் சின்னப் புள்ளைங்க யாரு புள்ளைங்க? லீஸ் யாரு பொண்டாட்டி?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தான்.

"வெச்சுக்க" என்றாள் அவள். "அந்தப் பேரைக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க ஒரு ஆளாவது வேணும்."

1817 ஜூன் மாதம் ஆயர் தீவுக்கு வந்தார். அந்தச் சமயங்களில்தான் பெட்டியைத் திறந்து சிலுவைகளைக் கல்லறைத் தோட்டத்துப் பொதுக்குழிக்கு மாற்றுவது வழக்கம். பெட்டி பல வருஷமாகத் தெற்கு ஜன்னலோரம் வெயிலில் இருந்திருக்கிறது. கோயில்பிள்ளை திறந்தபோது மெழுகு இளகி, சிலுவைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. கத்தியை வைத்துப் பிரித்துப் பார்த்தான். உடைந்துவிடும்போல் இருந்ததால் விட்டுவிட்டான். அப்படியே ஒரே கட்டியாகத் துணியில் சுற்றிக் குழியில் இறக்கினார்கள். பங்குச் சாமியார் பதிவேட்டைப் பார்த்துப் பத்தொன்பது பெயர்களை வாசித்தார். பார்பா முன்வரிசையில் நின்று கடைசிவரை கேட்டாள். அவள் கணவன் பெயர் மூன்றாவதாகவும், மூத்த மகன் பெயர் எட்டாவதாகவும் வந்தன. கோலாஸ் என்ற பெயர் அதில் இல்லை.