ஏழாவது கேள்வி

மாப்பிள்ளை வெள்ளைப் பலகையில் ஒரு புனல் வரைந்தார். மேலே அகலமான வாய். அதில் 'உலகம்' என்று எழுதினார். கீழே ஒல்லியான மூக்கு. அதில் 'காதல்' என்று எழுதினார். உலகம் காதலுக்குள் இறங்கும் வழியில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அன்றைய திங்கட்கிழமைக் கூட்டத்தின் சாரம். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.

துணை தேடுகிறவர்களுக்கான செயலி அது. முதலாளி ஐம்பத்தெட்டு வயது அம்மாள். அவருடைய ஒரே மகளைக் கட்டியவருக்கு 'வளர்ச்சித் தலைவர்' என்று ஒரு பதவி செய்து கொடுத்திருந்தார்கள். நேரில் எல்லாரும் அவரை சார் என்பார்கள். அவர் கதவைச் சாத்திய மறுகணம் மாப்பிள்ளை ஆகிவிடுவார்.

விளம்பரங்களைப் பார்த்துக்கொள்வது கிளிக். முதலாளியின் அண்ணன் மகள், நாற்பது வயது. இன்றைக்கு எத்தனை பேர் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை புலம்பியே அந்தப் பெயரை வாங்கியவள். வீட்டில் கூப்பிட்ட பழக்கத்தில் முதலாளியை அலுவலகத்திலும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். முறைப்படி மாப்பிள்ளை அவளுக்கு அண்ணன். அந்த முறை எந்தக் காலத்திலும் அவளுக்கு உபயோகப்பட்டதில்லை.

நிலைமை இதுதான். விளம்பரத்தைத் தொட்டு உள்ளே வருகிற நூறு பேரில் மூன்று பேர்தான் பதிவு செய்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அது ஆறாகாவிட்டால் விளம்பர வேலை முழுவதையும் மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர் நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அப்படிக் கொடுத்தால் கிளிக்குக்கு மேசை இல்லை. அத்தை இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். சொந்தக்காரி என்று தயவு பார்க்க முடியாது என்றார். யாரும் தயவு கேட்கவில்லை.

"விளம்பரத்துல உணர்ச்சி பத்தலை" என்றார் மாப்பிள்ளை. அவரே ஒரு வாசகம் எழுதி வந்திருந்தார். 'இரு இதயங்களின் எல்லையற்ற சங்கமத்தின் நுழைவாயில்.' கடற்கரையில் இரண்டு இளசுகள் எகிறிக் குதிக்கிற படத்தின் மேல் அதைப் போட வேண்டுமாம். போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை நூற்றுக்கு மூன்று என்பது இரண்டரை ஆயிற்று.

கிளிக்கும் பட்டனும் திரைப்பதிவுகளைப் பார்க்க உட்கார்ந்தார்கள். பட்டன் என்பவன் பதிவுப் படிவத்தைச் செய்து வைத்தவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எதைக் கேட்டாலும் 'ஒரு பட்டன் வச்சிடலாம்' என்பவன். படிவத்துக்குள் வருகிறவர்களின் அம்புக்குறி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, எங்கே ஓடிப்போகிறது என்பதை அவர்கள் படம்போல் பார்க்க முடியும். ஆள் யாரென்று தெரியாது; எழுதுகிற எழுத்தெல்லாம் நட்சத்திரங்களாகத்தான் தெரியும். முப்பத்து நான்கு கேள்விகள், எல்லாம் கட்டாயம். பதில் சொன்னால்தான் அடுத்தது திறக்கும். பாதிப் பேர் ஆறு கேள்விவரை சிட்டாகப் பறந்து வந்து, ஏழாவதில் செத்து விழுந்தார்கள்.

அந்தப் பாதிப் பேரில் ஒருவர்தான் அவர்களைப் பிடித்துக்கொண்டார். மூன்று வாரமாக, தினமும் மதியம் ஒன்றேகால் மணிக்கு வருகிறவர். விளம்பரத்தைத் தொடுவார். ஆறு கேள்விக்கும் புதிதாகப் பதில் சொல்வார். ஏழாவதில் நிற்பார், நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். அம்புக்குறி மேலும் கீழும் போகும், வரும். பிறகு ஜன்னல் மூடிவிடும். மறுநாள் ஒன்றேகாலுக்கு மறுபடி முதலிலிருந்து.

"பரீட்சையில பெயிலாகி பெயிலாகி எழுதற மாதிரி எழுதுறாங்களே" என்றான் பட்டன்.

செவ்வாய் மதியம் அவர்கள் பதிவை விட்டுவிட்டு நேரடியாகவே பார்த்தார்கள். ஒன்று பதினான்குக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுகிற ஹலோக்கா. கணக்குப் பிரிவு இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்றேகாலுக்கு அம்புக்குறி தோன்றியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கேள்வியில் தவறாகத் தொட்டுத் திருத்தியபோது கணக்குப் பிரிவில் ஒருவர் பெருமூச்சு விட்டார். ஐந்து. ஆறு. ஏழில் நின்றது. கூடத்தில் மென்று கொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. "போ, போ, போயிடு" என்று ஹலோக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அம்புக்குறி மூன்றாவது பதிலின்மேல் ஏறியது, தயங்கியது, இறங்கியது. ஜன்னல் மூடிவிட்டது. கடைசிப் பந்தில் தோற்றவர்களைப்போல் எல்லாரும் கலைந்தார்கள்.

ஏழாவது கேள்வி: 'உங்கள் மணநிலை?' பதில்கள் மூன்று. மணமாகாதவர். விவாகரத்தானவர். சிக்கலான நிலை.

கிளிக் அதை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றுதான் படித்தாள். துணையை இழந்தவர் எங்கே என்று கேட்டாள். பட்டன் பழைய கடிதங்களைத் தோண்டினான். முதலில் மூன்றாவதாக அது இருந்தது. மாப்பிள்ளைதான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். காரணமும் எழுதியிருக்கிறார்: 'துக்கம் புனலின் ஓட்டத்தைக் கெடுக்கும்.' அதற்குப் பதிலாக வைத்த 'சிக்கலான நிலை' அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. இதைப் பற்றி மாதக்கணக்காக ஆட்கள் போன் பண்ணித் திட்டுவதாகவும், தான் எழுதி அனுப்பிய பட்டியலுக்கு மாப்பிள்ளை ஒரு கட்டைவிரல் படம் போட்டு அனுப்பியதாகவும் ஹலோக்கா சொன்னாள்.

புதன்கிழமை பட்டன் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். அவன் கிளிக்கின் மேசைக்கு வந்து குனிந்து சொன்ன விதத்தில் அவள் முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள்.

"அக்கா, அந்த ஒண்ணேகால் நம்ம ஆபீஸ் இணைப்புலேர்ந்துதான் வருது."

இந்தத் தொழிலில் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சொந்த அலுவலகத்துக்குள் விளம்பரம் தெரியாதபடி அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நம் விளம்பரத்தை நாமே தொட்டு நாமே காசு கொடுத்துக்கொண்டிருப்போம். கிளிக் அதைச் செய்ய மறந்திருந்தாள். பதினேழு வருட அனுபவம். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அப்புறம் யாராக இருக்கும் என்று யோசித்தாள். நேற்று ஒன்றேகாலுக்குக் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைச் சுற்றித்தான் நின்றார்கள். மாப்பிள்ளை நண்பரோடு வெளியே சாப்பிடப் போயிருந்தார். சாத்தியிருந்த கதவு ஒன்றே ஒன்றுதான். மாமா காலமான பிறகு அத்தை மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகத்தான் சாப்பிடுகிறார்.

அவள் பட்டனைப் பார்த்தாள். பட்டன் கூரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நான் பிள்ளகுட்டிக்காரன்."

அன்று சாயங்காலமே வேலை ஆரம்பித்தது. மாப்பிள்ளையிடம் கேட்டால் புனல் வரைவார் என்பதால் கேட்கவில்லை. பட்டன் எடுத்த பதிலை நான்காவதாகத் திரும்ப வைத்தான்: 'துணையை இழந்தவர்.' கூடவே, யாரும் சொல்லாமலே, முப்பத்து நான்கு கேள்விகளைப் பன்னிரண்டாக வெட்டினான். உங்கள் ஆன்மாவின் நிறம் எது என்று ஒரு கேள்வி இருந்தது. அதை அழிக்கும்போது மட்டும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அழித்தான்.

கிளிக் விளம்பரத்தை எழுதினாள். எட்டு முறை எழுதி எட்டு முறை அடித்தாள். சங்கமமும் நுழைவாயிலும் அவளுக்கே தெரியாமல் உள்ளே புகுந்து புகுந்து வந்தன. ஒன்பதாவது முறை, பாதியில் போனவர்களிடம் நேரில் பேசினால் என்ன சொல்வோமோ அதை மட்டும் எழுதினாள். 'மன்னிக்கவும். ஏழாவது கேள்வியில் உங்களை மறந்துவிட்டோம். இப்போது சேர்த்துவிட்டோம்.' படம் கிடையாது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. முன்பு வந்து பாதியில் திரும்பியவர்களின் கண்ணில் மட்டும் படும்படி வைத்தாள். அலுவலகத்தை அடைக்கிற வேலையை அப்போதும் அவள் செய்யவில்லை. இந்த முறை மறக்கவில்லை.

வியாழன் ஒன்று பத்துக்கே கூடத்தில் நிற்க இடமில்லை. யாரென்று தெரிந்தவர்கள் இருவர். மற்றவர்கள் யாரோ ஒரு முகம் தெரியாத ஜீவனுக்காகத் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஹலோக்கா தொலைபேசியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தாள். ஒன்றேகாலுக்கு ஒன்றும் வரவில்லை. ஒன்று பதினாறு. எழுதியது அதிகப்பிரசங்கித்தனமோ, அத்தை கண்டுபிடித்துவிட்டாரோ என்று கிளிக் பயந்தாள். ஒன்று பதினெட்டுக்கு அம்புக்குறி வந்தது.

ஆறு கேள்வி ஓடியது. ஏழாவது திறந்தது. நான்கு பதில்கள். அம்புக்குறி அசையவே இல்லை. பிறகு மெதுவாக இறங்கியது. சிக்கலான நிலையைத் தாண்டியது. நான்காவதில் நின்றது. கணக்குப் பிரிவுக்காரர் பக்கத்திலிருந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். தொட்டது.

எட்டு திறந்தது. அதற்குமேல் அவர்களால் வாயைக் கட்ட முடியவில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று என்று கூட்டம் எண்ணத் தொடங்கியது. பன்னிரண்டு முடிந்து 'பதிவு செய்' பட்டன் பச்சையானபோது பட்டன் நாற்காலிமேல் ஏறி நின்றான். பச்சை அமுங்கியது. கூடம் கைதட்டிற்று. ஹலோக்கா கணக்குப் பிரிவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

முதலாளி அறைக் கதவு திறந்தது. அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. என்ன சத்தம் என்று கேட்டார். பட்டனுக்குப் பிறந்தநாள் என்று கிளிக் சொன்னாள். நாற்காலிமேல் நின்றபடியே பட்டன் வணக்கம் வைத்தான்.

அன்று முழுவதும் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன. நூற்றுக்கு ஐந்து, ஏழு, எட்டு. எங்கெங்கிருந்தோ ஆட்கள் திரும்பி வந்தார்கள், ஏழாவதை அழுத்தினார்கள். வெள்ளிக்கிழமை காலை நூற்றுக்குப் பதினொன்றில் நின்றது. கிளிக் அந்த எண்ணைத் தாளில் பெரிதாக அச்சடித்து எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

மாப்பிள்ளை அவளுக்கு முன்பே வந்திருந்தார், நண்பரோடு. சுவரில் படம் ஓடியது. பதினொன்று என்ற எண்ணை அவர் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கூடவே இன்னொன்றையும் பார்த்திருந்தார்.

"பதிவுல ஒண்ணு நம்ம ஆபீசுக்குள்ளேர்ந்தே வந்திருக்கு" என்றார். "ஒண்ணு மாட்டிக்கிச்சு. மாட்டாதது எத்தனையோ. இதுக்குப் பேர் வளர்ச்சி இல்லை, வாக்குச்சாவடியில கள்ள ஓட்டு."

நண்பர் வருத்தமாகத் தலையாட்டினார். அலுவலகத்தை அடைக்காதது தன் தவறுதான் என்றும், மற்றவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவை, வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றும் கிளிக் சொன்னாள். அப்படியானால் அந்த ஒன்று யார் என்றார் மாப்பிள்ளை.

"நீ சொல்ல வேண்டாம்மா. பதிவு எண் இருக்கு. திறந்தா பேரு, போட்டோ எல்லாம் சுவத்துல தெரிஞ்சிடப் போகுது." அவர் விரல் விசைப்பலகைக்குப் போயிற்று.

"வேண்டாம் அண்ணா" என்றாள் கிளிக். "என் பேருலயே எழுதிக்கோங்க. நான்தான் போட்டேன்."

கையிலிருந்த தாளை அவள் இரண்டாக மடித்தாள். மாப்பிள்ளை நண்பரைப் பார்த்துப் புன்னகை செய்தார். மேசையின் மறு கோடியில் அத்தை கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவ இல்ல மாப்பிள்ளை. அது நான்."

மாப்பிள்ளை விரலை விசைப்பலகையிலிருந்து சூடு பட்டவர்போல் எடுத்தார்.

"உங்க மாமா போயி ஆறு வருஷம் ஆச்சு. மூணு வாரமா தினம் போயி அந்தக் கேள்வியில நிக்கிறேன். மணமாகாதவர்னு போட்டா உங்க பொண்டாட்டி எங்கேர்ந்து வந்தா? விவாகரத்துன்னு போட்டா அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாரு? சிக்கலான நிலைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, அதுல போயி நிக்கச் சொல்றீங்களா என்னை?"

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தார். வளர்ச்சித் தலைவர்களிடம் எந்த நேரத்திலும் ஒரு பதில் இருக்கும்.

"இல்ல அத்தை, நம்ம டார்கெட் வயசு முப்பதுக்குள்ள..."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். வந்ததற்கு நன்றி என்று அத்தை நண்பரிடம் சொன்னார். அந்த நன்றியில் வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் இருந்தது. விளம்பரமும் படிவமும் இனி கிளிக்கின் பொறுப்பு, யாரும் நடுவில் எதையும் எடுக்கவோ சேர்க்கவோ கூடாது என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஜனங்க என்ன எழுதறாங்க, எங்க நிக்கிறாங்கன்னு ஒளிஞ்சு பாக்கறீங்களாமே. அதை இன்னிக்கே நிறுத்து."

நிறுத்திவிடுவதாக அவள் சொன்னாள். வேலை தங்கிவிட்ட சந்தோஷமும் மாட்டிக்கொண்ட வெட்கமும் சேர்ந்து காது வரைக்கும் சூடாயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"பட்டனுக்குப் பிறந்தநாள் மார்ச்சு மாசம்" என்றார் அத்தை. "நான்தான் சம்பளம் போடறேன்."

அப்போது மேசைமேல் இருந்த அவருடைய கைபேசி ஒலித்தது. இரண்டு சின்ன மணி, ஒரு நீண்ட மணி. செயலியில் யாராவது ஒருவர் நமக்குக் கடிதம் எழுதினால் வருகிற ஒலி. அறையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். அதைத் தேர்ந்தெடுக்க மட்டும் மாப்பிள்ளை மூன்று வாரம் கூட்டம் நடத்தியிருந்தார்.

யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்தார்கள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்துவிட்டு, முதல் வரிக்குப் போய் மறுபடி படித்தார்.

"கூட்டம் முடிஞ்சது" என்று எழுந்தார். கதவருகே நின்று கிளிக்கைக் கூப்பிட்டார். "நீ மட்டும் உள்ள வா. இந்தாளு கவிதை மாதிரி என்னமோ எழுதியிருக்காரு. நல்ல ஆளா, இல்ல நம்ம மாப்பிள்ளை மாதிரியான்னு பாத்துச் சொல்லு."