பெரட்டா, புரட்டா?

முதல் முட்டை காரின் முன்கண்ணாடியில் உடைந்து வழிவதற்குள் மோகனா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். இரண்டாவது முட்டை அவள் தோளில் உடைந்தது.

“ஏறு தங்கச்சி! போலீஸ் வரட்டும்லா!” என்று பின்சீட்டிலிருந்து கத்தினார் ஹேமநாதன்.

“போலீஸ் வர்றதுக்குள்ள மணி பத்தாயிடும்ணே. எறங்குங்க. என் முதுகுக்குப் பின்னாலயே வாங்க.”

பத்து மணிக்கு டேவான் மண்டபத்தின் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் உள்ளே உட்கார்ந்திருக்கும் தேர்தல் அதிகாரியின் மேசைக்கு வேட்புமனு போய்ச் சேர வேண்டும். மனு மோகனாவின் கக்கத்தில் இருந்த ஃபைலில் இருந்தது. ஹேமநாதன் வேட்பாளர், அவரை முன்மொழிகிறவள் அவள். முன்மொழிவது என்றால் சும்மா இல்லை. இந்த ஆள் யோக்கியன், இவருக்கு நான் ஜவாப்தாரி என்று ஊர் பார்க்கத் தன் பெயரைப் பணயம் வைப்பது.

ஊரோ வேறு மாதிரி முடிவு செய்திருந்தது.

“புரட்டன் வர்றான்டா!”

“வீட்ட வித்துத் தின்ன புரட்டன்! வெளிய போ!”

வாசலில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் எதிர்க்கட்சிக்காரர்கள். அவர்களைப் பற்றி மோகனாவுக்குக் கவலை இல்லை. மீதிப் பேரைப் பற்றித்தான் கவலை. எட்டாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள். நேற்று மாலை வரை ஹேமநாதனுக்குக் கொடி பிடித்தவர்கள்.

எல்லாம் ஒரு துண்டுக் குரல் செய்த வேலை. பழைய லோரி டிரைவர் நல்லசாமிக்கு ஹேமநாதன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல். நல்லசாமியின் போன் ராசா டவுனில் ஒரு கடைக்கு ரிப்பேருக்குப் போனது. போன் திரும்பி வருவதற்கு முன்னால் குரல் ஊரெல்லாம் சுற்றி வந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கேட்டு எழுத்திலும் போட்டிருந்தான்:

‘அந்தப் புரட்டுல நான் செஞ்சது நம்ம ரெண்டு பேரோட போவட்டும் மாமா. எலெக்‌ஷன் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க.’

போதாதா? எட்டாங்கட்டைத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டபோது, லயத்து வீடுகளைக் காலி செய்தவர்களுக்கு மாற்று வீடு கேட்டுப் பேசியவர் ஹேமநாதன். சில குடும்பங்களுக்கு வீடு கிடைக்காமல் போனது. ‘அந்தப் புரட்டு’ அதுதான் என்று ஒரே ராத்திரியில் தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் ஒன்று விடாமல் மோகனா கூட இருந்தவள். அவர் ஒரு செங்கல்லைக்கூடத் தொடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் சொல்வதை யார் கேட்டார்கள்?

படியேறும் இடத்தில் வழியை மறித்து நின்றார் சுகுமாறன். கட்சியின் வட்டாரத் தலைவர், சிரம்பான் டவுனில் பிறந்து வளர்ந்த வக்கீல். மடிப்புக் கலையாத பாத்தேக் சட்டை. அவர் கையிலும் ஒரு ஃபைல்.

“ஃபைலக் குடும்மா. கட்சி முடிவு பண்ணியாச்சு. ஆள மாத்தறோம்.”

“யாரப் போடறீங்க?”

“வேற வழி இல்லம்மா. நான்தான் நிக்க வேண்டியிருக்கு.”

“அடடா, என்னா தியாகம்! ராத்திரியே மனு எழுதி, படம் புடிச்சு, சட்டைக்கு இஸ்திரியும் போட்டுட்டுத்தான் தியாகம் பண்ண வந்தீங்களா சார்?”

பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுகுமாறனின் முகம் கறுத்தது.

“வாயக் கொறை. அவனே தன் வாயால புரட்டுன்னு ஒத்துக்கிட்டான். அதுக்கு மேல என்ன சாட்சி வேணும் ஒனக்கு?”

“அவர் அப்படிச் செய்யிற ஆளே இல்ல.”

“நல்லவன்னு நீ சொல்றது சாட்சியா? சோறு போட்ட நன்றி பேசுது.”

சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லை. நன்றிதான்.

மோகனாவின் அப்பா சன்னாசி எட்டாங்கட்டையில் செம்பனைக் குலை வெட்டியவர். அவள் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது ஒரு நாள் குலை தலையில் விழுந்து காட்டுக்குள் செத்துக் கிடந்தார். அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை என்றது நிர்வாகம். காலையில் பேர் கூப்பிட்டபோது பதில் வரவில்லையாம். குடித்துவிட்டுப் போய் மரத்தடியில் விழுந்தவனுக்கு நஷ்டஈடு எதற்கு என்றார்கள். லயத்து வீடும் போயிற்று. ‘பேருக்குப் பதில் சொல்லாதவன் மவ’ என்று பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்தது. அம்மா செல்லம்மா, செத்த புருஷனைக் கடைசி வரை மன்னிக்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

உறவுக்காரர்களே ஒதுங்கிய அந்த நாளில் வாசலேறி வந்த ஒரே ஆள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்த்த ஹேமநாதன். பள்ளி வேன், டியூஷன், செண்டாயான் தொழிற்சாலையில் வேலை, கல்யாணத்தில் அண்ணன் முறைக்கு மாலை. எல்லாவற்றிலும் அவர் நின்றார். கேட்காமலே நின்றார். அதைவிடப் பெரிய சாட்சி எது?

“கேளுடி! ஜெயிச்சு வை.பி. ஆவப் போற ஒங்க அண்ணனோட தங்கக் குரலக் கேளு!”

எதிர்க்கட்சியின் மகளிர் தலைவி மாதவி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து போனை மோகனாவின் காதோடு வைத்து அழுத்தினாள். தட்டிவிட மோகனா கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

நேற்றிலிருந்து அவள் அந்த எழுத்தைத்தான் படித்திருந்தாள். குரலைக் கேட்க அருவருப்பாக இருந்ததால் கேட்கவில்லை. இப்போதுதான் கேட்கிறாள்.

“இன்னொரு தடவ போடு.”

“ஏன், காது குளிரலையா?”

“போடுங்கறேன்ல!”

மாதவி போட்டாள். மோகனா போனைப் பிடுங்கினாள். சுகுமாறனுக்குப் பின்னால் நின்றவனிடமிருந்த ஒலிபெருக்கியையும் பிடுங்கினாள்.

“எட்டாங்கட்டைக்காரங்களே! எழுத்தப் படிச்சீங்க. கொரல முழுசாக் காது குடுத்துக் கேட்டீங்களா? கேக்காமலே ஒரு மனுசனத் தூக்குல போடுவீங்களா?”

போனை ஒலிபெருக்கியின் வாயில் வைத்தாள். ஹேமநாதனின் குரல் கரகரவென்று வாசல் முழுக்கப் பரவியது. ‘அந்தப் பெரட்டுல நான் செஞ்சது…’ மறுபடியும் வைத்தாள். ‘அந்தப் பெரட்டுல…’

முன்வரிசையில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். “அடக் கடவுளே! இது பெரட்டுடி! பெரட்டு!”

“ஆமாலா… பெரட்டுன்னுதான் சொல்றாரு!”

கூட்டத்தில் சலசலப்பு ஓடியது. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. விடியாத இருட்டில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ‘இருக்கேன்யா’ என்று பதில் சொன்னவனுக்குத்தான் அன்றைக்கு வேலை, கூலி, எல்லாம். அந்த ஆளெடுப்புக்குப் பெயர்தான் பெரட்டு. எழுத்தில் போட்ட டவுன்காரன் அதை வாழ்நாளில் கேட்டதில்லை. காதில் விழுந்ததைத் தனக்குத் தெரிந்த புரட்டாக்கிவிட்டான். தெரிந்தவர்களும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் குரலைக் கேட்டார்கள்; எழுத்தே காதில் விழுந்தது.

“சும்மா கதை கட்டாதே,” என்றார் சுகுமாறன். “மாட்டிக்கிட்டதும் ஒரு வார்த்தையக் கண்டுபுடிக்கிறியா?”

“நான் எதுக்குக் கண்டுபுடிக்கணும்? கொரலு யாருக்குப் போச்சோ அவரே நிக்கிறாரு.” மோகனா கை நீட்டினாள். “நல்லசாமி மாமா! நீங்க சொல்லுங்க. பெரட்டா, புரட்டா?”

வேலியோரம் ஒட்டி நின்ற நல்லசாமியை நாலு கைகள் முன்னால் தள்ளின. அந்தக் காலத்தில் பெரட்டு முடிந்ததும் ஆட்களை லோரியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டவர் அவர். தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

“பெரட்டுதான்.”

“சத்தமாச் சொல்லுங்க மாமா!”

“பெரட்டுதான்! வீட்டு சமாச்சாரமே இல்ல! போதுமா?”

அழுகிற குரலில் கத்திவிட்டுத் திரும்பி நடந்தார். மோகனாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அதைக் கவனிக்க யாருக்கு நேரம்? கட்சி ஊர்வலத்துக்குக் கொண்டுவந்திருந்த உறுமி மேளமும் தப்பும் சேர்ந்து அதிர்ந்தன. சற்று முன் முட்டை எறிந்தவனே ஓடிவந்து ஹேமநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். சுகுமாறன் தம் ஃபைலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “நான் அப்பவே சொன்னேன், விசாரிக்கணும்னு,” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மாதவி மட்டும் அசையவில்லை. தன் போனை வாங்கிக்கொண்டு, மோகனாவின் முகத்துக்கு நேராகச் சொன்னாள்:

“ரொம்பத் துள்ளாதடி. புரட்டு இல்ல, பெரட்டு. சரி, ஒத்துக்கறேன். அப்ப பெரட்டுல என்ன செஞ்சாரு ஒங்க கிராணியாரு? யாருக்கும் தெரியக் கூடாதுங்கறாரே, அது என்ன? அதையும் முழுசாக் கேட்டுச் சொல்லேன்!”

தப்புச் சத்தத்தில் அது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. மோகனாவுக்குக் கேட்டது.

டேவானுக்குள் குளிர்சாதனக் காற்று எலும்புவரை இறங்கியது. வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் அதிகாரியின் மேசை. சுவரில் பெரிய கடிகாரம். பெரிய முள் பன்னிரண்டுக்கு வெகு பக்கத்தில் இருந்தது.

ஹேமநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “காப்பாத்திட்ட தங்கச்சி. இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேன்.”

மோகனாவின் மனம் வாசலிலேயே நின்றிருந்தது.

நேற்று ராத்திரியிலிருந்து ஊரே இந்த ஆளைப் புரட்டன் என்கிறது. ஒரே ஒரு எழுத்து. ‘அது புரட்டு இல்லப்பா, பெரட்டு’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் அங்கேயே அடங்கியிருக்கும். அவர் குரல், அவர் சொன்ன சொல். அவருக்குத் தெரியாதா? காரில் வரும்போதுகூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தாரே. திட்டு வாங்கினார், முட்டையடி வாங்கினார், திருத்தவில்லை.

பெரட்டு என்று தெரிவதைவிடப் புரட்டன் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைக்கிற அளவுக்கு அந்தப் பெரட்டில் என்ன இருக்கிறது?

“அண்ணே.”

“ம்?”

“எந்தப் பெரட்டு?”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “என்னம்மா?”

“எத்தனையோ வருசம் பெரட்டு எடுத்திருக்கீங்க. ‘அந்தப் பெரட்டு’ங்கறீங்களே. எது?”

“அது பழைய கதை. ஆபீஸ் விசயம். ஜெயிச்சிட்டு ஒக்காந்து பேசுவோம்லா.”

“நல்லசாமி மாமா ஏன் என் மொகத்தப் பாக்கல?”

ஹேமநாதன் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் ஒத்துழைத்தது. “நீயே இப்படிக் கேக்கலாமா? என்னப் பத்தி ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்னுதான் வாசல்ல கத்திட்டு வந்தேன். கேக்காமத் தீர்ப்பு சொல்லாதீங்கன்னு ஊரத் திட்டினேன். நானும் கேக்காமலேதானே சொல்லியிருக்கேன், நீங்க நல்லவருன்னு!”

மேசையில் அதிகாரி ஒலிவாங்கியைத் தட்டினார். முன்பே பதிந்திருந்த பட்டியலில் முதலில் ஹேமநாதனின் பெயர். அவர் கை தூக்கினார். அடுத்தது முன்மொழிபவர்.

“மோகனா, ஆனாக் பெரும்புவான் சன்னாசி!”

சன்னாசியின் மகள் மோகனா. அப்பாவின் பெயர் அந்தப் பெரிய மண்டபத்தில் மோதி எதிரொலித்தது. மோகனா ஃபைலை மார்போடு இறுக்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

“பதில் சொல்லும்மா! பேர் கூப்பிடுறாங்க!” ஹேமநாதனின் குரல் உடைந்தது.

“நீங்க சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்.”

“நேரமில்ல தங்கச்சி! ஒன் காலப் புடிச்சுக் கேக்கறேன்!”

“மோகனா, ஆனாக் பெரும்புவான் சன்னாசி!”

இரண்டாவது தடவை. அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலே தேடினார். மூன்றாவது தடவைக்குப் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்றுதான் கணக்கு. பின்வரிசையில் சுகுமாறன் தம் ஃபைலோடு எழுந்து நின்றார்.

“சொல்லுங்கண்ணே. அது எங்கப்பா செத்த அன்னிக்கி பெரட்டா?”

ஹேமநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். இத்தனை வருஷமாகப் பள்ளி வேனாகவும் டியூஷனாகவும் கல்யாண மாலையாகவும் வந்து நின்ற அந்த முகம் அவள் கண்ணெதிரிலேயே கிராணியின் முகமாக மாறியது.

“ஒங்கப்பன் பேர அடிச்சிடுன்னு மேனேஜர் மெரட்டினான். சேப்டி தொப்பி குடுக்காம அனுப்பினது தெரிஞ்சா எல்லாரும் உள்ள போவணும்னான். எனக்கு அப்பத்தான் வேலை கெடைச்சிருந்திச்சு…”

“நான் அதக் கேக்கல. பேர் கூப்பிட்டீங்களா, இல்லையா?”

“கூப்பிட்டேன்,” என்றார் ஹேமநாதன். “ஒங்கப்பன் ‘இருக்கேன்யா’ன்னு சொன்னான் தங்கச்சி. அன்னிக்கி பெரட்டுல எல்லாரையும்விட அவந்தான் சத்தமாச் சொன்னான்.”