நீலக் கோடு

"பிளக்கைத் தொடாதீங்க!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் தங்கை வாசலிலிருந்து போட்ட கத்தலில், மேஜைக்கு அடியில் குனிந்திருந்த சித்தப்பாவின் தலை பலகையில் இடித்தது.

"ஏம்மா, அவனை ஏத்தின வண்டி கிளம்பிடுச்சாம். எங்க படுக்க வைக்கிறது? இந்த மேஜை போகணும்ல?"

"மேஜை போகட்டும் சித்தப்பா. கரண்ட் போகக் கூடாது."

மேஜைமேல் மூலை உடைந்த ஒரு பழைய லேப்டாப். திரையில் நீலக் கோடு ஒன்று பாதியைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஓடவிட்ட அண்ணன், காலையில் அதே நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மருத்துவமனை வாசலை எட்டும் முன்பே போய்விட்டார். மெஷின் மட்டும் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அண்ணன் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டு பைப் மாற்றுகிற ஆள், கம்ப்யூட்டர் என்றால் மட்டும் தொடைநடுங்கி. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தங்கை, தன்னுடைய பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு அவரிடம் கொடுத்திருந்தாள். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்றாள். "பிரிச்சுப் பாக்கலாமா? அப்ப நம்ம ஆளுதான்" என்றார் அண்ணன். ஆனால் திரையில் தெரியாத பெட்டி ஒன்று திறந்தால் போதும், தண்ணீர் பீறிட்டதும் மெயின் வால்வை மூட ஓடுகிற பழக்கத்தில், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார். கட்டளை அடிக்கிற கருப்புத் திரையில் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. கீபோர்டு போச்சு என்று புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் தெரியவில்லை. கடைக்காரனிடம் சண்டைக்கே போய்விட்டார்!

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து யோசித்தாள். கருப்புத் திரை அவர் கண்ணில் படாதபடி ஒளித்து வைத்தாள். படங்களைப் பெரிதாக்கி அடியில் 'பாட்டு', 'போட்டோ', 'பில்லு' என்று எழுதினாள். "பயமா இருந்தா பிளக்கைப் பிடுங்காதே, எனக்குப் போன் போடு" என்று ஒரே ஒரு சட்டம் போட்டாள். போன் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. அப்புறம் மெல்லக் குறைந்தது.

இன்று காலை வந்த போனில் காது கிழிந்தது.

"ஏய், ஓடுது! கோடு ஓடுது!"

"என்ன கோடு?"

"உங்க அண்ணியோட தையல் கடையில தூக்கிப் போட்டாங்களே ஒரு லேப்டாப்பு, அதுல நானே லினக்ஸ் போடறேன்! பென் டிரைவ்ல ஏத்தினதும் நான்தான். பேரு கேட்டுச்சு, அவ பேரைப் போட்டேன். பாஸ்வேர்டு கேக்காதேன்னு டிக் பண்ணிட்டேன், அவ பயந்துக்குவா."

"இரு அண்ணா, நான் வரேன்."

"வந்தா கையை வெட்டிடுவேன். ஒரு விரல் நீ வைக்கக் கூடாது. உங்க அண்ணிக்கு இது நான் போட்டுக் குடுத்ததா இருக்கணும்."

அதுதான் கடைசிப் பேச்சு. நாளைக்குத் தங்கையே இதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள். ஆனால் அது அவள் போட்டதாகத்தான் இருக்கும். பேட்டரி எப்போதோ போய்விட்ட மெஷின்; ஒயரை உருவினால் அண்ணன் செய்தது அத்தனையும் பாழ். அழுகையும் மூச்சிரைப்புமாக இதைச் சித்தப்பாவிடம் சொல்லி முடித்தாள்.

சித்தப்பா தலையைத் தடவிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார். "அப்ப மேஜையை மட்டும் தூக்குவோம். ஒயரு குட்டை. சுவரோரமா யாராச்சும் அதை மடியில வச்சுக்கணும்."

"எங்கிட்ட குடுங்க."

மேஜையைத் தூக்க வந்திருந்த அக்கம்பக்கத்தார் எல்லோரும் திரும்பினார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் வாயே திறக்காமல் இருந்த அண்ணி. தொட்டால் வெடித்துவிடும் என்று அண்ணனின் கம்ப்யூட்டரைத் துடைக்கக்கூட மாட்டாதவள், தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து மடியைக் காட்டினாள். சித்தப்பா பச்சைக் குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார்.

மேஜை வெளியே போனது. போனவர்கள் திரும்பி வந்து அண்ணியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். கோடு நகர்ந்தது. எதிர்வீட்டு லாரி டிரைவர், "வருது, வருது, இன்னும் ஒரு இஞ்ச்" என்றார். துக்க வீடு என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது. சட்டென்று கோடு நின்றது.

"ஐயோ, நின்னுடுச்சா?"

"இல்ல அண்ணி, இருங்க" என்றாள் தங்கை. கை தானாக நீண்டது; இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கோடு ஒரே தாவாகத் தாவி மறுமுனையைத் தொட்டது. "ஆங்!" என்று டிரைவர் தொடையில் தட்டினார். தட்டிய கையை அவரே வெட்கத்துடன் பார்த்துக்கொண்டார்.

தங்கை காட்டிய இடத்தில் அண்ணி அமுக்கினாள். பென் டிரைவை எடுத்துவிட்டு எண்டர் தட்டச் சொன்னது மெஷின்.

"நீயே தட்டும்மா."

"நான் தொட மாட்டேன் அண்ணி. கையை வெட்டிடுவேன்னு சொல்லியிருக்கான்."

அண்ணி பென் டிரைவை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டினாள். திரை இருண்டது. வெகுநேரம் இருண்டே கிடந்தது. பிறகு பளிச்சென்று வெளிச்சம் வந்து, எதையும் கேட்காமல் உள்ளே போய்த் திறந்துகொண்டது. எழுத்தெல்லாம் தமிழ்.

"பாஸ்வேர்டு?"

"கேக்காது அண்ணி. உங்களுக்குன்னு போட்டிருக்கான்ல."

அண்ணி விரலை வைத்து இழுத்தாள். அம்பு நகர்ந்தது. இன்னொரு தரம் இழுத்தாள். "நகருதுடி!" என்றாள். அவள் முகம் மலர்ந்து, அப்படியே உடைந்தது. காலையிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைச் சுவரோரமாகத் தரையில் வைத்தாள். அணைக்கவில்லை, மூடவும் இல்லை. எழுந்து நின்றாள்.

"பார்த்து, பார்த்து. கீழ ஒயரு இருக்கு" என்றார் சித்தப்பா. அண்ணனைத் தூக்கி வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலை உயர்த்தி அதைத் தாண்டினார்கள்.