டாக்டர் சொல்றதையே வச்சுக்கோ

நோண்டி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன்தான். சின்ன வயதில் அவனுடைய ரேடியோவைப் பிரித்துப் போட்ட கோபத்தில் வைத்தது. வளர்ந்த பிறகும் அந்தக் கை சும்மா இருந்ததா? பகலில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுவாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கத் திருகாணிகள். புருஷன் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டான், பாவம்.

அப்படித்தான் ஆஸ்பத்திரிப் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பேஸ்மேக்கரை வாங்கிவந்து நோண்டினாள். இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் அந்தக் கருவி, பக்கத்து அறையிலிருந்து யார் கட்டளை அனுப்பினாலும், நீ யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பணிந்தது. நில் என்றால் நின்றது.

இப்படிக் கருவிகளில் பாதுகாப்பு ஓட்டை தேடுபவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டையைக் கண்டால் முதலில் தயாரித்தவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் அடைக்கும்வரை வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கசிந்தால் கெட்டவன் முந்திக்கொள்வான். கம்பெனிக்கு எழுதிவிட்டு வாயைக் கட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். "நோண்டி, எனக்கு பேஸ்மேக்கர் வைக்கணுமாம். ரெண்டு கம்பெனி சொல்றாங்க. எது நல்லது?"

அவன் சொன்ன இரண்டில் முதல் பெயரே அவள் நோண்டிய கம்பெனிதான். மற்றதை வை என்றால் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் கட்டுப்பாடாயிற்றே! ஆபரேஷனுக்குள் அடைத்துவிடுவார்கள் என்று வேறு நம்பினாள், மடச்சி. "டாக்டர் சொல்றதையே வச்சுக்கோண்ணா" என்றாள்.

டாக்டர் வைத்தது அதையேதான். கம்பெனியின் பதில் ஆபரேஷனுக்குப் பிறகு வந்தது. புது மாடலில் சரிசெய்வார்களாம்; ஏற்கனவே பொருத்தியதை ஒன்றும் செய்ய முடியாதாம். அடித்துப் பிடித்து அண்ணனின் டாக்டரிடம் ஓடி விஷயத்தைச் சொன்னாள்.

"கொஞ்ச நாள் போனா எடுத்துடலாம்மா. ஆனா இப்ப மறுபடி திறந்தா அவர் தாங்கமாட்டார். விஷயம் தெரிஞ்சு பயந்தாலும் ஆபத்துதான். அவர்கிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

வார்டில் அண்ணன் தலையணையில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தான். "இவதாங்க என் தங்கச்சி. மெஷின்னா இவளுக்குத் தண்ணி பட்ட பாடு. இவகிட்ட கேட்டுட்டுதான் வச்சேன்."

பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு நாளைக்கு வேற டாக்டர்கிட்ட ஆபரேஷன்மா. எதுன்னு முடிவு பண்ண முடியாம தவிச்சிட்டிருந்தேன். அண்ணனுக்கு வச்சதையே எனக்கும் வைக்கச் சொல்லிடவா?"

அவள் வாயைத் திறந்தாள். அண்ணன் சிரித்த முகத்தோடு அவள் பதிலுக்காகக் காத்திருந்தான்.